கஞ்சி வேலி தாண்டவில்லை

காய்ச்சல் விட்டது, தொண்டை நரம்பைக் கொண்டு போய்விட்டது. ஒரு வாய் கஞ்சி குடித்தால் பாதி மூக்கில் வரும், மீதி நெஞ்சுக்குள் இறங்கி இருமியே சாக வைக்கும். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்தார்கள்.

"இனிமே இதுதாம்மா உனக்கு வாய். மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து" என்றார் டாக்டர்.

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன செத்தா போனேன்? தையல் ஆறியதும் பால் வெட்டும் கத்தியோடு வேலைக்குப் போய் நின்றேன்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து போரிடும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறுகூட லயத்தைச் சுற்றிய முள்வேலியைத் தாண்டக்கூடாது. விடியலில் எங்களைச் சோதித்து வெளியே விட்டுப் பூட்டினால், கேட்டை மத்தியானம்தான் திறப்பார்கள். என் கஞ்சி பாட்டிலைக் காவல்காரன் பிடுங்கி வைத்துக்கொண்டான். பத்து மணிக்கு மரத்தடியில் மயங்கி விழுந்தேன்.

"இன்னொரு தடவ விழுந்தா பேர வெட்டிருவேன். வீட்டுலயே கெட" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. வேலை போனால் லயத்து வீடும் போகும், அது அவருக்கும் தெரியும்.

விடுவேனா? நான் பால் வெட்டும் மர நிரையின் கடைசி மரம் வேலியை ஒட்டி நின்றது. மறுநாள் ஒன்பது மணிக்கு அங்கே போய், நீளமான குழாய் ஒன்றை என் குழாயோடு சேர்த்து முள்கம்பிக்கு ஊடே உள்ளே நீட்டினேன். உள்பக்கம் என் நாத்தனார் புனலைச் செருகி, கையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியை ஊற்றினாள். அவள் கிசுகிசுத்தாள். "அண்ணி, சுட்டுருவானுங்க!"

"சுடட்டும். நீ ஊத்து."

விசில் அடித்துக்கொண்டு காவல்காரன் ஓடி வந்தான். பின்னாலேயே கிராணி.

"காட்டுக்காரனுக்கா ஊத்துற?" என்று கிராணி அதட்டினார்.

ரவிக்கையின் கீழ் ஓரத்தை விலக்கி, குழாய் வயிற்றுக்குள் போகும் இடத்தைக் காட்டினேன். காவல்காரன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். காய்ச்சலுக்குப் பிறகு என் பேச்சு மூக்கால்தான் வரும், ஊரே கேலி செய்யும். அன்று அந்தக் குரலிலேயே கத்தினேன்.

"கையில, பையில எதுவும் கொண்டு போகக் கூடாதுன்னுதானே சட்டம்? பாத்துக்கோங்க, பாட்டில் உள்ளதான் இருக்கு. என் வயித்துல இருக்கிறதையும் பிடுங்கணும்னா, இந்தாங்க கத்தி!"

கிராணி திரும்பி நடந்தார். கஞ்சி தீரும்வரை நான் நகரவில்லை.

மறுநாள் விடியலில் காவல்காரன் என் பையைத் திறந்தான், பாட்டிலைப் பார்த்தான், பையை மூடி பாட்டிலோடு என் கையிலேயே கொடுத்தான்.