இராஜம் அடித்த சுண்ணாம்பு

இரத்தினபுரியில் கபூர் தோட்டம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் தேயிலைக் கொழுந்தைத் தேட வேண்டாம், பெயர் மட்டும்தான் தோட்டம். களு கங்கைப் பக்கம் சரிகிற சந்து அது. இருபத்தெட்டு வீடுகள், நடுவில் ஒரு சாக்கடைக் கான், அந்தக் கானில் உலகத்துத் தண்ணீர் எல்லாம். எங்கள் ஊர் மழையில் என் அம்மிக்கல் ஒருமுறை மிதந்து போய், கித்துல்கலையில் வேறொரு ஆற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இராஜத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பினால் போதும்.

இராஜம் கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் தொட்டிலை ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது அவள் வேலை. தொண்ணூற்று நாலில் புருஷன் ராஜதுரைக்கு டவுனில் லொறியில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. சந்தின் அடிவீட்டுக்குக் குடிவந்தார்கள். ஒரு மாதத்துக்குள் முன்னறையில் ஏழு பிள்ளைகள், பிறகு பத்தொன்பது. மாணிக்கக்கல் பட்டை தீட்டப் போகிறவர்கள், வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர்கள் எல்லாரும் காலையில் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, நாலாவதைப் பல்லால் கவ்வியிருப்பாள் என்று நான் சொன்னால், எதிர்வீட்டுப் பளீலா, "அக்கா, அல்லாஹ்வுக்காக வாயை மூடுங்க" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம் களு கங்கை பெருகிச் சந்துக்குள் ஏறியது. அதற்குப் பிறகு சின்ன மழைக்கும் கான் பொங்கி முதலில் இராஜத்தின் அறைக்குள்தான் வந்தது. அடுத்த மே மாதத்துக்குள் கானைக் கட்டி, பிள்ளைகளுக்கு மேட்டில் ஓர் அறையும் போடாவிட்டால் இனிமேல் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அத்தனை அம்மாமாரின் வேலையும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

கொழும்பில் ஓர் அறநிறுவனம் இப்படிப்பட்ட சந்துகளுக்கு உதவுவதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் பாதி கொடுத்தால் மாநகர சபை மீதியும் நிலமும் தருவதாகச் சொன்னது. மண் வெட்டுவது நாங்கள். ஆங்கிலப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பார்வையிட அந்த நிறுவனத்து மைமூனா மிஸ் பெப்ரவரியில் வருவதாகக் கடிதம் வந்தது.

இராஜம் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"பெரிய துரை வாறாருன்னா தோட்டத்துல நாலு நாளைக்கு முந்தியே லயத்து வீட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருவோம். இந்தச் சந்துக்கு மட்டும் மானம் இல்லையா?"

அவ்வளவுதான். சுவரெல்லாம் சுண்ணாம்பு. கானின் மேல் பலகை, பலகையின் மேல் மணல், மணலில் கோலம். பளீலா தன் குரோட்டன் தொட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். படிவத்தில் 'துர்நாற்றம்' என்பதற்கு மூன்று ஆங்கிலச் சொற்கள் எழுதிய நானே தோரணமும் கட்டினேன். படித்த புத்தி அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மைமூனா மிஸ் வந்தார். மெல்ல நடந்தார். சந்தின் அடிவரை போய் முகம் மலர்ந்து திரும்பினார்.

"மாஷா அல்லாஹ். இவ்வளவு சுத்தமான சந்தை நான் பார்த்ததே இல்ல. நீங்களே நல்லாத்தான் வச்சிருக்கீங்க. இந்த வருஷம் பணம் ஒரு இடத்துக்குத்தான் இருக்கு. பாலத்துக்கு அங்கால இன்னொரு இடம், அங்க நிலைமை மோசம். அவங்களுக்குக் குடுக்கிறதுதானே நியாயம்?"

நியாயம்தான். பளீலா தன் குரோட்டனையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இருங்க மிஸ்" என்றாள் இராஜம்.

உள்ளே போய் ஈரச் சாக்கு ஒன்றோடு வந்தாள். தன் வீட்டு முன்சுவரில் முந்தாநாள் தான் அடித்த சுண்ணாம்பைத் தானே தேய்க்கத் தொடங்கினாள். வெள்ளை வழிந்து இறங்கியது. முதலில் இடுப்புயரத்துக்குக் கீழே ஆணியால் கீறிய கோடுகள் தெரிந்தன, பத்தொன்பது பிள்ளைகளின் உயரங்கள். சாக்கு மேலே போனது. தேய்த்துக்கொண்டே போனாள். மைமூனா மிஸ்ஸின் காதுக்கு நேரே ஆற்று வெள்ளம் விட்டுப்போன மண்நிறக் கறை, சுவர் நீளத்துக்கும் ஒரே கோடாக.

மிஸ் கறையைத் தொட்டார். பிறகு கீழே இருந்த கோடுகளைத் தொட்டார்.

"அன்னைக்குப் பிள்ளைகள் எங்க இருந்தாங்க?"

"பளீலா அக்கா வீட்டு மாடியில, மிஸ். நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்கிட்டுப் போனோம். இன்னொரு தடவைக்கு என் முதுகு ஒத்துக்காது."

கோலத்தைக் காலால் கலைத்து, பலகையைத் தூக்கினாள். நாற்றம் எழுந்தது. மிஸ் முந்தானையால் மூக்கை மூடினார்.

"இதையெல்லாம் ஏன் மறைச்சீங்க?"

"நீங்க நம்ம வீட்டுக்கு வாறீங்களே, மிஸ்."

மிஸ் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, அந்தக் கானின் ஓரத்திலேயே குந்தி எழுதத் தொடங்கினார். மூன்று பக்கம் எழுதினார்.

மார்ச்சில் பணம் வந்தது. மாநகர சபை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பாலத்துக்கு அங்கால இருந்தவர்களுக்கு மறு வருஷம் கிடைத்தது. அவர்களின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன், தோரணம் கட்டாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினேன். எங்கள் கானை ஞாயிறு ஞாயிறாக வெட்டினோம். ராஜதுரை தனியாளாக ஒரு யானையளவு பாறையைப் புரட்டினான், சரி, கன்றுக்குட்டியளவு. மே மாதம் முதல் பெருமழையில் இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் குடையோடு வந்து, தண்ணீர் கானுக்குள்ளேயே அடக்கமாக ஓடுவதைக் கல்யாண ஊர்வலம் போலப் பார்த்தோம். எந்த ஊரிலோ யாரோ உண்டியலில் போட்ட காசு அது. அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. மழை பெய்யும்போதெல்லாம் அவர்களுக்காக நான் ஒரு நிமிஷம் கும்பிடுகிறேன், இது கதை இல்லை.

மேட்டில் எழும்பிய புது அறையைத் திறந்துவைக்க மைமூனா மிஸ் மறுபடி வந்தார். பிள்ளைகளை வரிசையாகச் சுவரோடு நிறுத்தி, ஆணியால் உயரம் கீறினாள் இராஜம். கடைசியில், "நீங்களும் வாங்க மிஸ்" என்றாள். மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார். பத்தொன்பது கோடுகளுக்கு மேலே இருபதாவது கோடு விழுந்தது.

அன்று காலையிலும் இராஜம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். விருந்தாளி வருகிறாரே. மிஸ்ஸின் முதுகெல்லாம் வெள்ளை. கொழும்பு பஸ் புறப்படும்வரை அதை ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட.