எஞ்சின் இல்லாத வண்டிக்குப் புகை

ஸ்கேனரை மூடிவிட்டால் மற்றவர்கள் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார்கள். ராமசுப்ரமணியன் சார் ஸ்கேனரையே பார்ப்பார். உள்ளே வெளிச்சம் நகர நகர அவர் தலையும் நகரும். நின்றதும் மூடியைத் தூக்கி, படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். உடனே வாசலுக்குப் போய், சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குவதைப் பார்த்து, பார்த்து முடிக்காமலே திரும்பி வருவார். நாற்காலி போட்டால் அதில் பையை வைப்பார்.

ரயில்வே பார்சல் ஆபீசில் ஓய்வு பெற்றவர். வீடு ஸ்ரீவராகத்தில். ரயில் சரித்திரச் சங்கத்தின் செயலாளர். அங்கத்தினர் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழைய படங்களைக் கெஞ்சி வாங்கி, நான் வேலை பார்க்கும் கடையில் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாருக்கும் ஆளுக்கொரு சி.டி. அனுப்புவது அவர் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஸ்கேனர் கண்ணாடியை நான் துணியால் துடைக்கக் கூடாது. “துணி கீறிடும் மோளே. விரலால தடவினாப் போறும்” என்று அவரே தடவுவார். படம் திரையில் விழுந்ததும் துள்ளுவார். “நீராவி எழும்பறது பாத்தியா? அசல்ல கூட இவ்வளவு தெரியல்லே, கேட்டோ!”

சி.டி.க்கள் தபாலில் போயின. அசல் படங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. பிறகு ஒருநாள், சார் கடையில் இருக்கும்போது, பாறசாலையிலிருந்து யோசுவா வந்தார். எஞ்சின் டிரைவராக இருந்தவர், சங்கத்து அங்கத்தினர். அவருடைய அப்பா தண்டவாள வேலைக்காரர். அப்பாவுக்கென்று இருப்பது ஒரே படம். நின்றுகிடந்த ஒரு சரக்குப் பெட்டியின் அருகில் எடுத்தது. அதை இரவல் தரவே அவருக்கு வெகுநாள் மனசு வரவில்லை.

“சாமி, ஒரு சந்தேகம். எஞ்சினே இல்லாத பெட்டிக்குப் பொகை எங்கேருந்து வந்துது?”

“பொகையா? மொதல்ல ஒம்ம கண்ணாடிய மாத்தும் ஓய்.”

நான் படத்தைத் திறந்தேன். யோசுவாவின் அப்பா தலைக்கு மேலே வெள்ளையாகப் புகை. யோசுவா பையிலிருந்து அசலை எடுத்து, பிடியை விடாமல் காட்டினார். அதில் புகை இல்லை. சார் மவுஸைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் திறந்தார். பாலம். டீக்கடை. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பிரிவுபசாரம். எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே புகை. ஸ்டேஷன் மாஸ்டரின் மாலையிலிருந்துகூட எழும்பியது. சார் நெற்றியைத் தேய்த்தார். தேய்த்த விரல்களைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார்.

“விபூதி” என்றார், ஸ்கேனர் கண்ணாடியைப் பார்த்து.

யோசுவா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை மைதீன் எட்டிப் பார்த்தார். “எங்கப்பன் சபையில மூப்பராக்கும்! அவருக்குத் திருநீறு பூசி ஊரெல்லாம் அனுப்பிட்டீரே சாமி!”

சார் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிப் படம் தந்தவர்களே அதிகம். அவர்கள் வீட்டுப் படியில் இனி எப்படிப் போய் நிற்பது?

“எல்லார்ட்டயும் சொல்லிடறேன். ஒம்ம படத்துலேருந்து ஆரம்பிக்கறேன். இன்னொரு தடவை தாரும்.”

யோசுவா படத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். “சாரமில்ல சாமி, போகட்டு. பொகையோட இருக்கட்டு.”

“இருக்கப்படாது!” என்று கத்தினார் சார். “நாளைக்கு ஒம்ம பேரன் பாத்துட்டு, அங்க எஞ்சின் நின்னுதுன்னு சாதிப்பான். அவனுக்கு நீர் போய்ச் சொல்லுவீரா?”

யோசுவா பையை மடிக்கு மாற்றிக்கொண்டார், திறக்கவில்லை.

சார் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வரும்போது கையில் சோப்பு வாசனை. நெற்றியும் கழுவிய நெற்றி. யோசுவாவுக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார், யோசுவாவின் விரல் பையின் ஜிப்புக்குப் போகும்வரை.