பேரிங் இல்லை, பாட்டுதான்

நூல் ஆலையில், நூலைக் கண்டுகளில் சுற்றும் சுற்றுப் பிரிவில் அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர். சாப்பாட்டு இடைவேளையில் கையடக்க ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதால் வந்த பெயர். அவள் கேட்பது சினிமாப் பாட்டு இல்லை என்பது பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அந்த இசை அவளைப் பிடித்துக்கொண்டது வீட்டுச் சமையலறையில். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் கிறீச்சென்று ஒரு சத்தம். செட் கெட்டுவிட்டது என்று அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். சத்தம் அடங்கவில்லை, மேலே ஏறியது. அதன் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரு கூட்டம் வயலின்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, எல்லாம் இடிந்து விழப்போகிறது என்று அவள் நினைத்த நேரத்தில், ஒரே சுரத்தில் சேர்ந்து நின்றன. கத்தியோடு அப்படியே நின்றாள். பகலெல்லாம் காதில் அறைகிற இரைச்சலுக்கும் போய்ச்சேர ஓர் இடம் உண்டு என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. அறிவிப்பாளர் ஓர் அயல்நாட்டு இசையமைப்பாளரின் பெயரைச் சொன்னார். முதன்முதலில் வாசித்தபோது அரங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

"போனா போறாங்க" என்றாள், ரேடியோவிடம்.

அதன்பின் அந்த மனிதரின் இசைத்தட்டு எங்கே கிடைத்தாலும் வாங்கினாள். தையல்காரரான கணவர் ஊசியில் நூலைக் கோத்தபடி, "உன் ஆளுக்கு மறுபடி பல்வலி வந்துடுச்சு போல" என்பார். ஆனால் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. மகள்தான் அக்கம்பக்கத்துக்குக் கேட்குமே என்று ஜன்னலைச் சாத்துவாள்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவர் கேட்கும் ஒரே ஒரு பாட்டை, அவருடைய கடைசி ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று முழுச் சத்தத்தில் வைப்பார்கள். ரேடியோக்கா தன் முறை வந்தபோது அந்த இசைத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் கொஞ்சம் போட்டுக் கேட்டுவிட்டு, நல்ல நாளும் அதுவுமாக வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். ஊரோடு ஒத்துப் போகக் கூடாதா என்று கேட்டார்கள் பக்கத்து இயந்திரத்துப் பெண்கள். மகள், கடைசி நாளிலாவது மானத்தைக் காப்பாற்று என்றாள். அவளுக்குத்தான் கொஞ்சம் நீளமான பதில் கிடைத்தது.

"இத்தனை வருஷமா எல்லார் பாட்டுக்கும் கை தட்டியிருக்கேன்டி. பாதிப் பாட்டு எனக்கு ஆகாது. என் பாட்டுக்கு யாரும் தட்ட வேணாம். முழுசாப் போட்டா போதும்."

கடைசி நாளில் இசைத்தட்டு சுழன்றது.

இயந்திரத்தில் பேரிங் தேய்ந்தால் கிறீச்சிடும். கேட்ட கணமே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். தாமதித்தால் சூடேறிப் பஞ்சுத் தூசி பற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கம் புத்திக்கு முன்னால் கையில் இருக்கும். இசை வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், முதல் கிறீச் கேட்டதும் அத்தனை கைகளும் பொத்தானுக்குப் போயின. அந்த இசையை மனப்பாடமாக அறிந்த ரேடியோக்காவின் கையும் போயிற்று. ஆலையே நின்றுபோனது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அது மிகை. நின்றது சுற்றுப் பிரிவு மட்டும்.

கிரீஸ் அண்ணன் என்கிற ஃபிட்டர் குப்புறப் படுத்து, எந்த பேரிங் என்று ஒவ்வொரு இயந்திரத்தின் அடியிலும் தேடினார். சத்தம் தலைக்கு மேலிருந்து வருகிறது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரைச்சல் இல்லாத அந்தக் கூடத்தில் வயலின்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள். மேற்பார்வையாளர் ஒலிபெருக்கி அறைக்கு ஓடினார். ரேடியோக்கா அவருக்கு முன்பே அங்கே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நகருங்கம்மா. உற்பத்தி நிக்குது" என்று அவர் கதவில் கை வைத்தார்.

"நான் நிறுத்தச் சொல்லலையே சார். மெஷினை ஓட்டச் சொல்லுங்க. இதை மட்டும் தொடாதீங்க."

அவர் சாட்சிக்கு ஃபிட்டரைக் கூப்பிட்டார். கிரீஸ் அண்ணன் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்து நின்றார். "எனக்குப் பிடிக்கல சார்" என்றார். "ஆனா இப்படி ஏத்திவிட்டுப் பாதியில நிறுத்தினா ராத்திரி தூக்கம் வராது. எங்கயோ போய்ச் சேரணும்ல. முடியட்டும்."

மேற்பார்வையாளர் கதவிலிருந்து கையை எடுத்தார். வயலின்கள் இடிந்து விழப்போகிற இடத்துக்கு வந்தன. வந்து, சேர்ந்து, நின்றன. யாரும் கை தட்டவில்லை.

"முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்கலம்மா" என்றார் அவர்.

"எனக்குப் பிடிச்சதைத்தானே சார் கேட்டீங்க."

ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ரேடியோக்கா தன் இடத்துக்கு நடந்துபோய், அறுந்திருந்த நூல் முனைகளை முடிச்சுப் போட்டுவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.