மஹ்தியாவுக்குப் போகவேண்டிய மூடிகள்

ஷெத்லிக்குச் சம்பளம் தருவது எண்ணுவதற்கு. அவர் செய்தது தேடுவது. எங்கள் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக அவர் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. ஆனால் இறங்கிய பெட்டி கம்ப்யூட்டரில் ஓரிடத்திலும் யார்டில் வேறோரிடத்திலும் இருக்கும். நாற்பதடி நீள இரும்புப் பெட்டியை ஒரு துறைமுகம் எப்படித் தொலைக்கும் என்று கேட்பவர்கள் எங்கள் துறைமுகத்துக்கு வந்ததில்லை. அதன் பெயரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. துனிசியக் கடற்கரை நீளமானது, எது என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர்கள் அலுவலகத்துக்குப் போகவே மாட்டார்கள். நேராக ஷெத்லியிடம் வந்து எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைச் சொல்வார்கள். அவர் வாயிலிருக்கும் ரொட்டியை மென்று முடித்துவிட்டு, மூன்றாம் வரிசை, டைல்ஸ் பெட்டிக்குக் கீழே என்பார். அங்கேதான் இருக்கும். வீட்டிலோ தன் மூக்குக் கண்ணாடியைக்கூட மனைவிதான் தேடித் தரவேண்டும். மூன்று பிள்ளைகளின் பிறந்தநாளும் அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. பெட்டி இறங்கும்போது எண்ணை மட்டும் பார்க்கமாட்டார். உள்ளே என்ன, யாருடையது, எத்தனை அவசரம் என்று காகிதத்தைப் புரட்டிவிட்டுத்தான் கையைக் காட்டுவார். மருந்து என்றால் முன்வரிசை, சிமெண்டுப் பொடி என்றால் எங்கேயோ போ. இதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மணிக்குப் பதினொரு பெட்டி இறங்கினால் அதிகம். இந்தப் பதினொன்றுதான் எங்கள் மேலாளர் ஸி ரவூஃபின் தூக்கத்தைக் கெடுத்தது. ஸி என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா.

"மால்டாவுல மணிக்கு முப்பதுய்யா" என்பார். காலை வணக்கத்துக்குப் பதிலாகவே அதைச் சொல்வார். மொராக்கோவின் டேன்ஜியர் துறைமுகப் பேச்சை எடுத்தால் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு கம்பெனி சலாம் போட்டுவிட்டு வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

அப்படிக் காய்ந்த கப்பல்களில் ஒன்றில்தான் வசீலாவின் மூடிகள் இருந்தன.

வசீலா ஷெத்லியின் தங்கை. தெற்கே மஹ்தியாவில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் சின்னத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே நாற்பது பெண்கள். அங்கே படகுகள் விளக்கைக் கட்டிக்கொண்டு நிலவில்லாத இரவுகளில்தான் மத்திக்குப் போகும். நிலவு வந்துவிட்டால் மீன் விளக்கை மதிக்காது. ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று இரவுகள்தான் வேலை, மீதி நாள் அதற்காகக் காத்திருப்பது. டப்பா மஹ்தியாவிலேயே கிடைக்கும். மூடி மட்டும் இத்தாலியிலிருந்து வரவேண்டும். போன மாத இருட்டு முழுக்க மூடி கடலில் நின்றது, மீன் கோழித்தீவனத்துக்கு அரைக்கும் மில்லுக்குப் போனது. அடுத்த இருட்டும் இப்படியே போனால் டப்பா வேலையை மூடிவிட்டு மீனை ஐஸ் போட்டு சிசிலிக்கு விற்றுவிடுவேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நாப்பது பேரும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. என் அண்ணன் துறைமுகத்துல இருக்கார், அவர் எடுத்துக் குடுப்பார்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் வசீலா.

"பெட்டி நம்பரச் சொல்லு" என்றார் ஷெத்லி. 4172. அதற்கப்புறம் அது அவர் மண்டையை விட்டு இறங்கவில்லை.

பதினொரு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை அந்தக் கப்பல் உள்ளே வந்தது. இருட்டு தொடங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு இரவுகள் கையில் இருந்தன. அதே காலையில், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு மூன்று இத்தாலியர்களும் வந்து இறங்கினார்கள். சிசிலிக்கு வாராவாரம் கப்பல் விட ஒரு கம்பெனி துறைமுகம் தேடிக்கொண்டிருந்தது. எட்டு நாள் நின்று எங்கள் வேகத்தை அளந்து பார்த்து, எங்களிடம் வருவதா மால்டாவுக்கே போவதா என்று முடிவு செய்வார்களாம்.

ஸி ரவூஃப் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். இன்றைக்கு யாரும் காகிதத்தைப் புரட்டக்கூடாது, எந்த வண்டியும் நிற்கக்கூடாது, இடம் தெரிகிற பக்கம் போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடவேண்டும். ஷெத்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் ஒரு பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டு கிரேனுக்கடியில் நின்றார்.

பதினொரு மணிக்கு ஸி ரவூஃப் அவரைக் கூப்பிட்டு விருந்தாளிகள் பக்கத்தில் நிறுத்தினார். இவர்தான் எங்கள் கம்ப்யூட்டர் என்று அறிமுகப்படுத்தினார். இத்தாலியர்கள் சிரித்தார்கள். ஒருவர் அவர் தோளில் தட்டி, இதுவரை தேடியதில் கஷ்டமானது எது என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் யாரும் ஷெத்லியிடம் அதைக் கேட்டதில்லை. இரண்டு வருடம் காணாமல்போன கழிப்பறைப் பீங்கான் பெட்டியின் கதையை அவர் தொடங்கினார், தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், தெரியாத இடத்தில் கையை ஆட்டி. நன்றாகத்தான் சொன்னார். கதை சூடு பிடித்த நேரத்தில், பெட்டி தூக்கும் வண்டியின் ஓட்டுநர் மெஹ்ரஸ் ஒரு பெட்டியோடு வந்து எங்கே என்று ஹாரன் அடித்தான். ஷெத்லி திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டார். மெஹ்ரஸ் கொண்டுபோய்ப் போட்டான்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. மணிக்கு இருபத்தொன்பது. துறைமுகம் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. ஸி ரவூஃப் எல்லோருக்கும் பாதாம் போட்ட டீ வாங்கிக் கொடுத்தார். ஷெத்லி மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். 4172 எங்கேயும் இல்லை. பிறகுதான் மெஹ்ரஸைப் பிடித்துக் கேட்டார்.

"நீதானேய்யா பின்னாடி கையக் காட்டுன. அந்த இத்தாலிக்காரன்கிட்ட கதை விட்டுக்கிட்டு" என்றான் மெஹ்ரஸ்.

பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வேறொரு கம்பெனியின் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஐந்து அடுக்கு ஏற்றியிருந்தார்கள். அதற்கெல்லாம் அடியில், சுவரை ஒட்டி, ஒரு மூலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துப் பார்த்து அனுப்பியவர், வாழ்க்கையிலேயே பார்க்காமல் அனுப்பிய ஒரே பெட்டி அதுதான். ஷெத்லி தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்னால் ஸி ரவூஃபின் கதவருகே போய் நின்றார்.

"அத எடுக்க எத்தனை பெட்டிய நகர்த்தணும்?" என்று கேட்டார் ஸி ரவூஃப்.

"பதினாலு."

"பதினாலு. ஒண்ணும் கப்பலுக்குப் போகாது, லாரிக்கும் போகாது. அவனுங்க கடிகாரத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க ஷெத்லி. அத்தனையும் வெட்டி வேலைன்னு எழுதிட்டுப் போவானுங்க. எட்டு நாள் பொறு."

"மீன் எட்டு நாள் பொறுக்காதே, ஸி ரவூஃப்."

"கப்பல் மட்டும் பொறுக்குமா? அது மால்டாவுக்குப் போயிடும். அப்புறம் உன் தங்கச்சிக்கு மூடி எது வழியா வரும், சொல்லு பாப்போம்."

அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் சண்டை போடலாம்.

வசீலா தினமும் இரண்டு தடவை போன் செய்தாள். ஷெத்லி முதலில் கஸ்டம்ஸைச் சொன்னார், பிறகு கிரேன் ரிப்பேர் என்றார். தன் கை காட்டியதுதான் காரணம் என்று சொல்லவில்லை. கோழை என்றால் கோழைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். அவள் கையிருப்பு மூடிகளை வைத்து இரண்டு நாள் வேலை ஓட்டினாள். பிறகு பெண்கள் தினமும் வந்து, கையுறையைப் போட்டு, உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். படகுகள் நிறைய மத்தி கொண்டுவந்தன. அந்த வருடத்தில் அப்படி ஒரு மீன்பாடு விழவில்லை என்று அவள் சொன்னபோது ஷெத்லி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் இத்தாலியர்கள் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் நாலு இரவுகள் இருந்தன. ஷெத்லி உடனே மெஹ்ரஸைத் தேடி ஓடினார். ஆனால் காலிப் பெட்டிகள் வேறு கம்பெனியின் சொத்து, அவர்களிடம் கடிதம் இல்லாமல் தொடக்கூடாது என்றது அலுவலகம். கம்பெனி ஏஜெண்டு மூன்று பிரதி கேட்டான். மூன்றாம் பிரதிக்கு முத்திரை இல்லை. முத்திரை வைத்திருக்கும் அம்மாள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். ஷெத்லி அவள் மேசைக்கு எதிரே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் மணிக்கு இருபத்தொன்பது என்று சொல்லி அவர் கையைக் குலுக்கினார்கள்.

கடிதம் வந்த அன்று மெஹ்ரஸின் வண்டி டயர் வெடித்தது.

"வேற டயர மாட்டுய்யா."

"டயர் இருக்கு ஷெத்லி. போன மாசமே வந்துருச்சு."

"எங்க?"

மெஹ்ரஸ் யார்டின் பக்கம் மோவாயைக் காட்டினான். டயரும் ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது, கஸ்டம்ஸ் கையெழுத்துக்காக. ஷெத்லி அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, அதுவும் நல்ல சிரிப்பல்ல. பிறகு எழுந்துபோய் பக்கத்து மரக்கிடங்குக்காரன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு பழைய டயரை இரவல் வாங்கிவந்தார்.

கடைசி இருட்டு நாளின் பகலில் பதினாலு பெட்டிகளையும் நகர்த்தி 4172ஐ எடுத்தார்கள். ஷெத்லி தானே ஓடிப்போய் லாரியைக் கூட்டிவந்தார், தானே சங்கிலியை மாட்டினார். லாரி வாசலைத் தாண்டியபோது மணி ஐந்து. மஹ்தியா போய்ச்சேர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்; மிஞ்சுவது ஒரே இரவின் மீன்தான் என்று வந்ததும், போடாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

மறுநாள் வசீலாவின் போன் வந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூடி வந்துருச்சு அண்ணே. இறக்கி அடுக்கிட்டோம். ஒண்ணுகூட நசுங்கல."

"அப்ப அடுத்த இருட்டுக்கு ஆச்சு."

"அடுத்த இருட்டு ஏது? முதலாளி முந்தாநாளே சிசிலிக்காரனோட கையெழுத்துப் போட்டுட்டார். மீன் அப்படியே ஐஸ்ல போகுதாம். உங்க துறைமுகத்துலேர்ந்து வாராவாரம் கப்பலாமே, ஒரே நாள்ல போய்ச் சேந்துருமாமே. ரொம்ப வேகமாயிட்டாங்கன்னு அவரே சொன்னார்."

அன்று மத்தியானம் ஸி ரவூஃப் எல்லோரையும் கூட்டி, கம்பெனி நம்மிடமே வருகிறது, மால்டா தோற்றது என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஷெத்லியும் தட்டினார், தட்டாமல் நிற்பவனைப் பார்ப்பார்கள் என்பதற்காக.

நிலவு வளர்ந்து தேய்ந்தது. அடுத்த இருட்டின் மூன்றாம் நாள் காலை, அவர் துறைமுக வாசலில் நின்று கொண்டைக்கடலைச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வசீலா. வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தாள், அண்ணியின் முதுகுவலியைக் கேட்டாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணே, துறைமுகத்துல இப்ப வேலை கூடியிருக்காமே. பொம்பளைங்களுக்கு ஏதாச்சும் இருக்குமான்னு கேளேன். நாப்பது பேருக்கும் கேக்கல. எனக்கு மட்டும். கூட்டிப் பெருக்குற வேலைன்னாலும் சரி."

ஷெத்லி கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்தார். ஸி ரவூஃபிடம் கேட்கிறேன் என்று சொல்ல நினைத்தார். அந்த ஆள் கையை விரிப்பார் என்று தெரிந்ததால் விட்டுவிட்டார். பதினெட்டு வருடமாக நாற்பது பேரை மேய்த்தவள் துடைப்பம் கேட்கிறாள். நீ கேட்காதே வசீலா, உன் மூடியைப் புதைத்தவனே நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. வெள்ளைக் குளிர்பெட்டியோடு ஒரு லாரி வாசலில் நின்றது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து காகிதத்தை நீட்டினான்.

"என்ன சத்தம் அண்ணே?"

"லாரி வந்திருக்கு."

"என்ன பெட்டி?"

ஷெத்லி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மஹ்தியா. மத்தி, ஐஸில். பதினெட்டு டன்.

"தெரியல. இனிமேதான் பாக்கணும்" என்று போனை வைத்தார்.

பெட்டியை முன்வரிசைக்கு அனுப்பினார். மீன் காத்திருக்காது. நாற்பதே நிமிடத்தில் அது கப்பலில் ஏறிவிட்டது.