கிழக்கு எல்லையில் ஓர் அடுப்பு

பைசாந்தியப் பேரரசைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. முழங்கால் வலிக்கு மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்காமல் இருக்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்தது எழுநூறு பக்கப் புத்தகம். பாதி படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பேரரசின் கிழக்கு எல்லையில் நான் ஏற்கெனவே மூன்று வருடம் குடியிருந்திருக்கிறேன் என்று. ஷார்ஜாவில், ரோலாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறையில்.

ஹால் எங்களுக்கு. உள்ரூம் நாகர்கோவில்காரர்களுக்கு. அந்த அம்மாவை நான் உள்ரூம் அத்தை என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அவர் வீட்டில் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஒரே மகன் ஊரில் ஹாஸ்டலில் இருந்தான்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் போர் எப்படித் தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குக்கரின் ரப்பர் வளையம் மாறிப்போனதுதான் காரணம் என்பது எங்கள் தரப்பு. அத்தை தரப்பில் வளையம் மாறவே இல்லை. ரோமும் (பைசாந்தியர்கள் தங்களை ரோமானியர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்) பாரசீகமும் எதற்காக நானூறு வருடம் அடித்துக்கொண்டன என்று கேட்டால் அறிஞர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பதில் சொல்கிறார்கள்.

அப்பா ருவைஸ் பக்கம் சைட்டில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளாமல் சமைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து நீல இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சமையல் மேடையின் நட்டநடுவே ஒரு கோடு ஒட்டினார். இந்தப் பக்கம் எங்கள் அடுப்பு, எங்கள் நல்லெண்ணெய். அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பு, அவர்கள் தேங்காயெண்ணெய். சிங்க் பொது. அப்பாவின் வாழ்க்கையில் இவ்வளவு நேரான வேலையை அவர் வேறு எங்கும் செய்ததில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

எல்லைக்குப் பக்கத்தில் புதிய கோட்டை எதுவும் கட்டக் கூடாது என்று ரோமும் பாரசீகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. ரோமானியர்கள் தாரா என்ற ஊரில் கட்டிவிட்டார்கள். பாரசீகர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா நீலக் கோட்டை ஒட்டி மசாலா டப்பா அடுக்கும் ஸ்டாண்டு ஒன்றை நிறுத்தினாள். அடுத்த எட்டு மாதம் இரண்டு பேரரசுகளும் நேரடியாகப் பேசவில்லை.

தூது போனது நான்தான். பாலைவனத்து அரபுக் குலங்களை இரண்டு பேரரசுகளும் இப்படித்தான் வைத்திருந்தனவாம்: ஒரு பக்கம் கஸ்ஸானியர், மறுபக்கம் லக்மியர். நான் ஒரே ஆள், இரண்டு குலமும் நானே. "மிக்சியை நிறுத்தினா நல்லாருக்கும்னு சொல்லு" என்பாள் அம்மா. அத்தை மூன்றடி தள்ளி நிற்பார். "நிறுத்த முடியாதுன்னு சொல்லு மக்ளே" என்பார். நான் இருவருக்கும் முழுதாகத் திருப்பிச் சொல்வேன். இரண்டு தரப்பிலும் முறுக்கு கிடைத்தது. ஒன்பது வயதில் அதைவிட நல்ல உத்தியோகம் இல்லை.

ஒரு மார்ச் மாதம், ஊரில் தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகிவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று அம்மாவுக்குச் செய்தி வந்தது. எனக்கு முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அப்பா சைட்டை விட்டு வர முடியாது. என்னை எங்கே விடுவது?

கேள்வியே எழவில்லை என்றுதான் நான் நினைத்தேன். துபாயில் தேராவில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வருகிற போதெல்லாம் சித்தி என்னை மடியில் இருத்தி, "இவள எங்களுக்கே குடுத்துருங்களேன்க்கா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள், ஆனால் எழுந்து போய் எதையாவது கழுவ ஆரம்பிப்பாள். சித்தி வீட்டில் வீடியோ உண்டு, ஃப்ரீசர் நிறைய ஐஸ்கிரீம் உண்டு. செய்தி கேட்ட அன்று மாலையே இருவரும் வந்துவிட்டார்கள்.

"கட்டில்கூட வாங்கிப் போட்டாச்சுக்கா," என்றாள் சித்தி. "பிங்க் கலர் பெட்ஷீட்டு. பக்கத்துலயே நல்ல ஸ்கூலு. இந்தப் பரீட்சை முடியட்டும், அடுத்த வருசம் அங்கயே சேத்துரலாம். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அம்மா சித்தியை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். நீலக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். எட்டு மாதத்தில் அது முதல் முறை. அத்தை தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்," என்றாள் அம்மா.

அத்தை திரும்பவில்லை. "எத்தன நாளு?"

"தெரியல. பதினஞ்சு நாள் ஆகலாம்."

"கணக்குப் பரீட்சை என்னைக்கு?"

"அடுத்த சனிக்கிழமை."

அத்தை தோசையைத் திருப்பிப் போட்டார். "செரி. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. சித்தி முகம் சுருங்கிவிட்டது. நான் செருப்போடு நின்று அழுதேன்.

ஆர்க்கேடியஸ் என்ற பைசாந்தியப் பேரரசருக்குச் சாகும் தறுவாயில் இதே சிக்கல் வந்ததாம். மகனுக்கு ஏழு வயது. அரண்மனை நிறைய உறவும் வேண்டியவர்களும். எல்லோருக்கும் குழந்தை மேல் பாசம், குழந்தை உட்கார வேண்டிய நாற்காலி மேல் அதைவிடப் பாசம். பேரரசர் யோசித்து, பரம எதிரியான பாரசீக மன்னர் யஸ்தகெர்தையே பிள்ளைக்குக் காப்பாளராக உயிலில் எழுதிவிட்டார். வளைகுடா வழக்கில் சொன்னால் பாரசீகர்தான் குழந்தைக்குக் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பேற்பவர். அவரும் தன் ஆள் ஒருவரை அனுப்பிவைத்து, இந்தப் பிள்ளைக்கு எதிராக எவன் சதி செய்தாலும் நான் படையோடு வருவேன் என்று கடிதம் போட்டார். பிள்ளை பிழைத்தது. ஒரு பழைய வரலாற்றாசிரியர் இதைப் பெரும் புத்திசாலித்தனம் என்கிறார். இன்னொருவர், எதிரியிடம் பிள்ளையைக் கொடுப்பது மடத்தனம், எதிரி நல்லவனாக இருந்தது அதிர்ஷ்டம் என்கிறார். இப்படி நடக்கவே இல்லை என்று சொல்பவர்களும் இன்று இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஒன்பது வயதில் எனக்கு வரலாறு தெரியாது. நான் பணயக் கைதி என்பது மட்டும் தெரிந்தது. அம்மா விமானம் ஏறிய அன்றே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குற்றப்பத்திரிகை எழுத ஆரம்பித்தேன். அம்மா வந்ததும் கையில் கொடுப்பதாகத் திட்டம்.

முதல் பக்கத்திலேயே பெரிய குற்றம் கிடைத்தது. அத்தை கோட்டைத் தாண்டி வந்து எங்கள் அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் தாளிப்புக் கரண்டி, எங்கள் நல்லெண்ணெய், அம்மாவின் சாம்பார்ப் பொடி. 'இன்று அத்தை நம் அடுப்பைப் பிடித்துக்கொண்டார்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். தன் அடுப்பில் தேங்காயெண்ணெயில் தங்களுக்குத் தனியாகச் சமைத்தார். என் சாப்பாட்டுக்கு மட்டும் தினமும் இந்தப் பக்கம் வந்து எங்கள் பொருளைக் காலி செய்தார். நான் தினமும் எழுதினேன்.

தலை பின்னியதும் குற்றம்தான். அம்மா இரட்டைச் சடை போடுவாள். அத்தைக்கு வரவில்லை. ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினார். 'முடியைப் பிடித்து இழுத்தார், மூன்று முறை.' உள்ரூம் மாமாவும் தப்பவில்லை. பள்ளிப் பேருந்து வரும்வரை காலையில் பத்தடி தள்ளி, பேசாமல் நின்றார். 'என்னை வேவு பார்க்கிறார்.'

ஒரு நாள் நோட்டு அத்தையின் கையில் சிக்கிவிட்டது. சிங்க் பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாகப் படித்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"இதாரு எழுதினது?"

நோட்டின் அட்டையில் என் பெயர் பெரிதாக இருந்தது.

"நேத்து வெண்டைக்காப் புளிக்கொழம்பு வச்சது எங்கட்டி? அத விட்டுட்டியே."

"பேனா தீந்துபோச்சு."

உள்ரூமுக்குப் போய் மாமாவின் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒண்ணையும் விடாம எழுது மக்ளே. அம்மைக்கு வந்து வாசிக்கணும்லா."

தனக்கெதிரான சாட்சிக்குத் தானே பேனா கொடுக்கும் எதிரியை நான் அதுவரை பார்த்ததில்லை. பாவம், விவரம் பத்தாது என்று முடிவு செய்தேன்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சித்தி வந்தாள். கையில் சரிகை வைத்த ஃபிராக். அத்தை கதவைப் பாதிதான் திறந்தார்.

"ரெண்டு நாள் கூட்டிட்டுப் போயிட்டு விட்டுர்றோம்ங்க. புள்ளைக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை."

"எங்க வீட்லேருந்தே எழுதட்டுமே. நாங்க சொந்தம்ங்க."

"சொந்தம்னா கோவிச்சுக்கிட மாட்டிய இல்லா," என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல். "அவ அம்மை எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா. அவ வந்து அனுப்பட்டும். உள்ள வாருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்."

சித்தி உள்ளே வரவில்லை. அத்தையின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். ஃபிராக்கை நீட்டினாள். அத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். லிஃப்ட் வர நேரமானது; சித்தி அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்: 'சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐஸ்கிரீம் போச்சு. அம்மா வந்துதான் அனுப்ப வேண்டுமாம்.'

தாத்தா பிழைக்கவில்லை. அம்மா பதினெட்டாம் நாள் திரும்பி வந்தாள், இளைத்துப்போய். பெட்டியை வைத்ததுமே நான் நோட்டைக் கையில் கொடுத்தேன். கை கால் கழுவிவிட்டுச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். அத்தை அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அம்மா மெதுவாகத்தான் பக்கம் புரட்டினாள். எங்கள் அடுப்பைப் பிடித்தது பதினேழு முறை. நடுவில் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். நல்லெண்ணெய் பாட்டில் காலியாகி, பக்கத்தில் மூடி திறக்காத புது பாட்டில் ஒன்று நின்றது. சித்தி வந்த பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டாள். பிறகு நோட்டை மூடினாள். அவளுடைய உதடு நடுங்கியது, கண் நிறைந்துவிட்டது. அம்மா இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அம்மா நீலக் கோட்டை நோக்கி நடந்தாள். தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

அத்தைக்கு இன்றைக்குச் சரியாகக் கிடைக்கப் போகிறது என்று, இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிற மாதிரி, சிங்க் ஓரமாக இடம் பிடித்து நின்றுகொண்டேன்.