சார்லஸ் சாரின் வெள்ளைக்கண் ஈக்கள்

திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திய சார்லஸ், முனைவர் பட்டத்துக்காகப் பழ ஈயின் கருவுக்குள் நுழைந்து, வருஷக்கணக்காக வெளியே வராமல் இருந்தார். அந்தக் கருவின் வால்முனையில் பிறக்கும் சில செல்கள் குடல்சுவரைத் துளைத்து ஊர்ந்து, பின்னாளில் முட்டையோ விந்தோ ஆக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு திசு 'இங்கே வராதே' என்று மூலக்கூறால் விரட்டும். இன்னொன்று 'இப்படி வா' என்று அழைக்கும். சார்லஸ் வளர்த்தவை, விரட்டும் மரபணு பழுதான ஈக்கள். அவற்றின் கருவில் செல்கள், மணிக்கூண்டில் இறங்கிய வெளியூர்க்காரர் மாதிரி கண்ட பக்கமும் போகும். அடையாளத்துக்கு வெள்ளைக் கண். பெங்களூரில் கெஞ்சி வாங்கிய ஒரே பாட்டில். அது போனால் பட்டமும் போச்சு.

1999 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அதை நாகல் நகர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஈக்களின் தீனி, வாழைப்பழமும் வெல்லமும் பிசைந்தது. மனைவி மரியசெல்வி பார்த்தாள். பழனி போய்வந்த யாரோ கொடுத்த பஞ்சாமிர்தம் ஈ விழுந்து கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஜன்னல் வழியாக உதறி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள்.

"ஆராய்ச்சியே போச்சுடி!"

"ஈக்கா இந்த அழுகை? மார்க்கெட்டுக்கு வாங்க, கூடை கூடையாப் பிடிச்சுத் தாரேன்."

ஊர் ஈக்களோடு சம்பந்தம் கலப்பதற்குள் பிடித்தாக வேண்டும். கலப்பு மணத்தை மேடைதோறும் ஆதரித்த மனிதர், ஈ விஷயத்தில் குலம் கோத்திரம் பார்த்தபடி, வாயால் ஈயை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் குழாயோடு ஓடினார்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள், பங்குக் கோயிலின் மதுவிலக்கு மாதர் சங்கத் தலைவி. அவர் பீரோ இடுக்கில் வெள்ளைக்கண் கூட்டம்.

"பீரோவத் திறங்கக்கா."

"சேலதான் இருக்கு அப்பு."

"சேலைக்கா இம்புட்டு ஈ?"

திறந்தார். பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், துணியால் வேடு கட்டிய ஜாடியில் கிறிஸ்துமஸுக்குப் புளித்துக்கொண்டிருந்தது திராட்சை ஒயின். சார்லஸ் மண்டியிட்டு, ஜாடி வாயில் மொய்த்த ஈக்களைக் குழாயில் உறிஞ்சிய நேரம் பார்த்துச் சங்கத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

வியாகுலம்மாள் கண நேரம்கூடத் தடுமாறவில்லை. "இந்த அநியாயத்தப் பாருங்கடி! காலேஜு வாத்தியாரு ஜாடியோட வந்து ஒக்காந்து குழா போட்டுக் குடிக்கிறாரு!"

மறுக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் குழாய்க்குள் இருப்பவை பறந்துவிடும். சார்லஸ் கடைசி ஈ வரை உறிஞ்சி முடித்தார்.

ஈக்கள் பிழைத்தன; 2002இல் பட்டமும் வந்தது. சங்கம் பாராட்டு விழா எடுத்தது, அவர் குடியை விட்டதற்காக. சால்வை போர்த்தியவர் வியாகுலம்மாள்.