செல்லையா அண்ணனும் நான் பிரித்துப் பார்க்காத கயிறும்

செய்தி வந்தபோது நான் எஸ்டேட் ஸ்டோரில் புதுக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். மூணாறிலிருந்து திரும்பிய ஜீப் டிரைவர் வாசலில் நின்று, "தங்கையாண்ணே, செல்லையாண்ணன் காலைல ஆஸ்பத்திரில தவறிட்டாக. மத்தியானத்துக்கு மேல கொண்டு வாராக" என்றார். தலையாட்டினேன். மிச்சக் கயிற்றையும் முழம் போட்டு முடித்து, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு என் மனைவி கேட்டாள். தெரியவில்லை. இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் உங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் பாதிப்பேருக்குத் தெரிந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த, இடதுகாலை இழுத்து நடந்த செல்லையாவை மட்டும்தான். மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை வெட்டும் கவாத்து தொடங்கும் நாளன்று, மரம் ஏறும் ஆட்களிடம் சொல்லப்படும் எச்சரிக்கையையும் கேட்டிருப்பீர்கள்: "செல்லையா மாதிரி ஏறாதே." கயிற்றைப் பார்க்காமல் ஏறி விழுந்தவர் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை. அந்தக் கதை பொய். பொய் என்று இத்தனை வருஷமும் தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டால் அதுவே உண்மையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதடி சில்வர் ஓக்கில் மற்றவர்கள் வெறுங்காலோடு, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு தொற்றி ஏறுவார்கள். அண்ணன் கயிற்றில்தான் ஏறுவார். மாட்டுப்பட்டி அணை வேலையில், பாறைச் சரிவில் தொங்கியவர்களோடு இருந்து பழகிய வித்தை அது. ஈயக்குண்டு கட்டிய மெல்லிய கயிற்றை வீசி, தான் நினைத்த கிளைக் கவட்டையில் விழவைப்பார். அதில் கட்டி இழுத்தால் மணிலாக் கயிறு கவட்டையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். ஒரு முனை அவர் இடுப்புக் கச்சையில் கட்டப்படும். அந்த முனையின் வாலை, மறுபக்கம் இறங்கிய கயிற்றில் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். கையால் தள்ளினால் நகரும். உடம்பின் பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெட்டும் இடம் வந்ததும் இன்னொரு குட்டைக் கயிற்றால் தண்டோடு தன்னைக் கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகே அரிவாளைத் தொடுவார். "ஏறத் தெரிஞ்சவன் ஊருபட்ட பேரு இருக்கான்லே. மேல போயி ரெண்டு கையையும் விட்டுட்டு நிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனக் காட்டு பாப்போம்" என்பார். தற்பெருமை கொஞ்சம் உண்டு. இருக்கட்டும், அதற்கேற்ற வேலையும் இருந்தது.

துரை பங்களாக் கூரைமேல் ஒரு யூக்கலிப்டஸ் கிளை சாய்ந்துகிடந்தது. ஆள் பருமன் இருக்கும். அண்ணன் அதைக் கயிற்றில் கட்டி வெட்டிவிட, நான் கீழே அந்தக் கயிற்றைப் பக்கத்து மரத்தில் மூன்று சுற்றுப் போட்டு மெல்ல மெல்ல விட்டேன். ஓர் ஓடுகூட உடையவில்லை. துரை வெளியே வந்து கைதட்டினார். அண்ணன் கம்பீரமாகக் கீழே இறங்கி நின்றார். அந்த நேரம் பார்த்துக் கணுக்காலில் ஓர் அட்டை. "ஏலே தங்கையா, எடுலே, எடுத்துத் தொலைலே!" என்று துரை முன்னாலேயே ஒற்றைக்காலில் குதித்தார். சமையல்காரர் உப்போடு ஓடிவந்தார். எழுபதடி உயரத்துக்கு அஞ்சாத மனிதர் வாழ்நாள் முழுக்க அட்டைக்கு அலறினார்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஏறுவதற்கு முன் கயிற்றைப் பார்க்கவேண்டியது கீழே நிற்பவன். முழத்துக்கு முழம் முறுக்கைப் பிரித்து உள்நாரைப் பார்க்க வேண்டும். மணிலாக் கயிறு வெளியே அழகாக இருந்துகொண்டே உள்ளே செத்துப்போகும். பார்த்து முடித்ததும் உரக்க, "கயிறு சரி" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஏறுபவர் பார்க்கமாட்டார். "நீ பாத்தத நான் திரும்பப் பாத்தா, நாளைக்கு நீ ஒழுங்கா பாக்கமாட்ட" என்பது அண்ணனின் கணக்கு. பத்து வருஷம் என் வார்த்தையை நம்பித்தான் அவர் ஏறினார்.

இடுக்கி தனி ஜில்லா ஆன வருஷம் அது. கவாத்து நடுவில் இரண்டு நாள் மழை பிடித்துக் கயிறு நனைந்துவிட்டது. நிழலில் காற்றாடக் காயவேண்டிய கயிறு. ஆனால் கங்காணி அவசரப்படுத்தினார். நான் அதைத் தேயிலை ஃபாக்டரிக்குக் கொண்டுபோய், தூள் காயவைக்கும் அடுப்பின் சுவரை ஒட்டி மாட்டினேன். மறுநாள் காலை எடுத்தபோது மொறுமொறுவென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் முகர்ந்து பார்த்தார்.

"என்னலே, கயிறு தேயிலத்தூள் மணக்கு?"

"ஃபாக்டரிப் பக்கம் காயப்போட்டேன்ணே."

"முறுக்கு பாத்தியா?"

"பாத்தாச்சு. கயிறு சரி."

பார்க்கவில்லை. இவ்வளவு காய்ந்த கயிற்றில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். முப்பதடியில், குட்டைக் கயிற்றைக் கட்டுவதற்குள் ஏறிய கயிறு அறுந்தது. தேயிலைச் செடிகள்மேல் விழுந்ததால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை. அவரைத் தூக்கிப் போனபின் அறுந்த முனையைப் பிரித்தேன். அடுப்புச் சூட்டில் உள்நார் பழுப்பேறி, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆபீசிலிருந்து ஒருவர் எழுதிக்கொள்ள வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கயிறு பார்த்தது யார் என்று கேட்டார். "இவன் பாக்கேன்னுதான் சார் சொன்னான். நாந்தான் அவசரப்பட்டு ஏறிட்டேன்" என்றார் அண்ணன். வந்தவர் போனதும் என்னிடம், "எனக்கு இனிமே மரம் கெடையாது. ஒனக்கு வேல போனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீடும் போயிரும். ஒம் பொண்டாட்டி ஏழு மாசம். ரெண்டு குடும்பமும் தெருவுல நின்னு என்ன செய்ய?" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மகானில்லை, நல்ல கோபக்காரர்.

இரண்டு வருஷம் கழித்துக் கவாத்து ஆட்களுக்கு என்னையே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எச்சரிக்கையைச் சொல்லவேண்டிய முறை எனக்கு வந்தது. கொட்டகை ஓரத்தில் அவர் உட்கார்ந்திருக்க, நான் தரையைப் பார்த்தபடி, "செல்லையா மாதிரி ஏறாதே" என்றேன். ஆட்கள் கலைந்ததும் கூப்பிட்டார். "சத்தமாச் சொல்லுலே. பின்னால நின்னவனுக்குக் கேக்கல." குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. "கேட்டாத்தான கயிறப் பாப்பானுவ" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சத்தமாகத்தான் சொன்னேன். ஒருவரும் விழவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் சோறு இறங்கியது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி பொன்னுத்தாய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்காவது தெரிந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. மதினி என்னைத் திட்டவில்லை. "அம்புட்டு வருசமும் நான் அவரத்தான வஞ்சேன். கண்ணு தெரியாமயா ஏறுனீருன்னு தெனமும் வஞ்சேனே. ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. அடுத்த மாதம் கவாத்து தொடங்குகிறது. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த எச்சரிக்கை ஒன்றைத்தான். அதை நிறுத்தமாட்டேன், நிறுத்துவதை அவரும் விரும்பமாட்டார். அதில் இருக்கும் பெயர் மட்டும் இனி என்னுடையது.